பிணை நின்ற புரதம்

பேர்ணடெற் எட்டு மாதமாகக் கீரை அரைத்தாள். சமைக்க இல்லை. நுவரெலியாவிலிருந்து லொறியில் வந்து இறங்குகிற ஸ்பினாச் கீரையைக் கிலோக் கணக்கில் வாங்கி, கம்பஸ் ஆய்வுகூடத்தில் மூடி உடைந்த பிளெண்டர் ஒன்றில் அரைத்து, வடித்து, உப்பில் படியவிட்டு, கண்ணாடிக் குழாய்களுக்குள்ளால் இறக்கி இறக்கிக் கடைசியில் அவளுக்கு மிஞ்சியது, குட்டிப் போத்தல் ஒன்றின் அடியில் கிடந்த சிவந்த கபில நிறத் தண்ணீர். முந்நூறு மைக்ரோலீற்றர். இருமல் பாணியை ஊற்றி முடித்த பிறகும் போத்தலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அவ்வளவுதான்.

அதன் பெயர் பெரடொக்சின். இலைக்குள் வெயில் விழும்போது கிளம்புகிற எலெக்ரோனை ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் கொடுப்பது அதன் தொழில். தனக்கென்று ஒன்றையும் வைத்துக்கொள்ளாது. அதன் ஓரத்தில் இரண்டு இரும்பும் இரண்டு கந்தகமும் சதுரமாக உட்கார்ந்திருக்கும். புரதச் சங்கிலியிலிருந்து நாலு கை நீண்டு வந்து அந்தச் சதுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். காற்றும் சூடும் பட்டுக்கொண்டேயிருந்தால் அந்த நாலு கையும் விட்டுவிடும். இரும்பு ஒரு பக்கம், கந்தகம் ஒரு பக்கம். கபிலம் வெளிறிப்போய், எட்டு மாத வேலை வெறும் உப்புத் தண்ணீராகிவிடும்.

ஆகவே பேர்ணடெற் போத்தலுக்குள் நைதரசன் நிரப்பி, றப்பர் மூடி வைத்து, அலுமினிய வளையத்தால் இறுக்கியிருந்தாள். திறக்கவே கூடாது. எடுக்க வேண்டுமென்றால் மெல்லிய ஊசியால் றப்பரைக் குத்தி, வேண்டியதை மட்டும் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

அவளுக்கு வேண்டியது மூன்று அளவு. பெரடொக்சின் தன் கூட்டாளியான நொதியத்தோடு சேர்ந்து எலெக்ரோனைக் கைமாற்றும்போது நிறம் மாறும்; மெஷின் அந்த மாற்றத்தைக் கோடாக வரையும். ஒரு கோட்டுக்கு நூறு மைக்ரோலீற்றர். மூன்று தரம் அளக்காதது அளவே இல்லை என்பது அவளுடைய பேராசிரியரின் மதம். மெஷினுக்கு வரிசை இருந்தது. அவளுக்குக் கிடைத்தது திங்கட்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மாதக் கடைசியோடு உதவி விரிவுரையாளர் வேலை போய்விடும். பிறகு ஒருகொடவத்தையில் கொள்கலன்களுக்கு நடுவில் இருக்கிற கிளியரிங் ஒபீஸ் ஒன்றில் டைப் அடிக்கிற வேலை காத்திருந்தது. அப்பா பேதுரு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஏற்கெனவே கதைத்து வைத்திருந்தார். அவருக்கு அது பெரிய உத்தியோகம். பேர்ணடெற்றுக்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் யாரும் கம்பஸ் வாசலைக் கண்டதில்லை. கண்டு என்ன கிடைத்தது என்றும் யாருக்கும் விளங்கவில்லை.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. மழை இல்லை, நீர்த்தேக்கங்கள் வற்றிவிட்டன, கொழும்பில் நாளுக்கு எட்டு மணித்தியாலம் கரண்ட் இல்லை. வடக்கில் நடந்த சண்டைக்கு மட்டும் ஒருநாளும் கட் இல்லை. அளவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆய்வுகூடத்துக் குளிரறையைத் திறந்தபோது உள்ளே இருந்து வெந்நீர்ப் புழுக்கம் வந்தது. பேர்ணடெற் போத்தலை ஐஸ் நிரப்பிய தேர்மொஸ் பிளாஸ்கில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினாள்.

வெள்ளவத்தையில் அவளோடு படித்த பலீலா இருந்தாள். பலீலாவின் வாப்பா மர்ஸூக் ஹாஜியாருக்கு வீட்டோடு சேர்ந்த இறைச்சிக் கடை. இறைச்சிக் கடையென்றால் குளிர்ப்பெட்டி, குளிர்ப்பெட்டியென்றால் ஜெனரேற்றர். கம்பஸிடம் இல்லாதது அவரிடம் இருந்தது. ஹாஜியார் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதைவிடக் கூடச் சத்து ஈரல் கழுவுற தண்ணியில ஈக்கும் புள்ள என்று சொன்னார். ஆனாலும் வீட்டு பிறிட்ஜில், முட்டைத் தட்டுக்கு மேலே, தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

பிசகு சனிக்கிழமை நடந்தது. கொழும்பில் அப்போது வீடு வீடாகப் பொலிஸ் பதிவு. வீட்டில் யார் யார், எந்த ஊர், என்ன இனம், ஏன் இருக்கிறார்கள் என்று படிவம் நிரப்பித் துண்டு வாங்க வேண்டும். அந்தத் தெருவுக்கு வந்தவர் சார்ஜன்ட் அபேரத்ன. கெட்ட மனிதரில்லை. ஆனால் முன்பு ஒருமுறை படிவத்தில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டதற்காக மன்னாருக்கு மாற்றலாகி, ஒரு வருஷம் மண்மூட்டைக்குப் பின்னால் குந்தியிருந்தவர். அதற்குப் பிறகு உலகத்தில் அவர் பயந்தது வெறுங் கட்டத்துக்கு மட்டும்தான்.

பேர்ணடெற் அந்த நேரம் போத்தலைப் பார்த்துப் போக வந்திருந்தாள். சார்ஜன்ட் வீட்டைச் சுற்றிப் பார்த்து, கட்டிலுக்குக் கீழே பார்த்து, கடைசியில் பிறிட்ஜைத் திறந்தார். சிங்களத்தில்தான் பேச்சு; அவளை நங்கி, தங்கச்சி, என்றுதான் கூப்பிட்டார். இது என்ன என்று கேட்டார். புரதம் என்றாள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத பிறவி அவள். இரும்பும் கந்தகமும் என்றாள். எங்கே வாங்கினது என்று கேட்டார். வாங்கவில்லை, நானே செய்தது என்றாள். மூடியைத் திறந்து காட்டு என்றார். திறக்கக் கூடாது என்றாள்.

சார்ஜன்ட் பேனையைக் கீழே வைத்தார். கந்தகம், தமிழ்ப் பெட்டை, கையால் செய்தது, திறக்கக் கூடாது. பலீலாவின் உம்மா ஹமீமா பின்பக்கமாக நழுவி அடுப்படிக்குப் போனா.

"திறந்தால் வெடிக்குமா நங்கி?"

"வெடிக்காது. செத்துப்போகும்."

"அப்ப இதுக்கு உயிர் இருக்கா?"

"இல்லை."

"உயிர் இல்லாதது எப்படிச் சாகும்?"

நூற்று எண்பது பக்க ஆய்வேட்டில் அதற்குப் பதில் இல்லை. பேர்ணடெற் கீரையிலிருந்து தொடங்கி விளக்கினாள். நாலு கை பிடித்துக்கொண்டிருப்பதைத் தன் இரண்டு கையையும் பலீலாவின் இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினாள். சார்ஜன்ட் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடிந்ததும் தன் கஷ்டத்தைச் சொன்னார். இது சாமான் என்றால் கடைத் துண்டு வேண்டும். கடைத் துண்டு இல்லாத சாமானைக் கொண்டுபோய்த் திறந்து பார்க்க வேண்டும். அதுதான் சுற்றறிக்கை. அவர் என்ன செய்ய?

அப்போது மர்ஸூக் ஹாஜியார் வாயைத் திறந்தார். முப்பது வருஷமாக நகரசபைக்காரர், சுகாதாரக்காரர், பொலிஸ் என்று எல்லாரையும் கடைக்குள் உட்காரவைத்து அனுப்பிய மனிதர்.

"சேர், சாமானெண்டாத்தானே துண்டு வேணும்? ஆளெண்டா வீட்டுக்காரன்ட கையெழுத்து மட்டும் போதும்தானே?"

சார்ஜன்ட் சுற்றறிக்கையை எடுத்து இன்னொருமுறை வாசித்தார். ஆளைத் திறந்து பார்க்கும்படி அதில் எங்கேயும் இல்லை. அவர் முகத்தில் ஓர் அமைதி வந்தது. புதிய படிவம் ஒன்றை எடுத்து, முழுப்பெயர் என்ற கட்டத்தில் பெரடொக்சின் என்று எழுதினார். பேர்ணடெற் சிரித்தாள். சிரித்தது அவள் மட்டும்தான்.

பிறந்த இடம் நுவரெலியா. வயது, கடைசியாக அரைத்த நாளிலிருந்து கணக்குப் பார்த்து, மூன்று கிழமை. மூன்று கிழமைக்காரருக்குத் தொழில் என்ன என்று கேட்க சார்ஜன்டுக்குக் கூச்சமாக இருக்கவில்லை. எலெக்ரோனை ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்குவது என்று அவள் சொன்னதை 'போக்குவரத்து' என்று எழுதிக்கொண்டார். எவ்வளவு காலம் தங்குவார் என்று கேட்டார். தங்கவே தங்காது, அதுதான் அதன் குணம், வந்து கொடுத்துவிட்டுப் போய்விடும் என்றாள். போகிற திகதி தெரியாதவர்களை நிரந்தரம் என்று போடுவதுதான் வழக்கம் என்றார் சார்ஜன்ட்.

பிறகு இனம் என்ற கட்டம் வந்தது.

இனம் இல்லை என்றாள் பேர்ணடெற். கட்டத்தை வெறுமையாக விட முடியாது என்றார் சார்ஜன்ட், மன்னார் கண்ணில் தெரிய. தமிழ் என்று போட்டால் மேலிடத்துக்குத் தனி அறிக்கை அனுப்ப வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சிங்களம் என்றால் கிராமசேவகரின் கடிதம். முஸ்லிம் என்றால் பள்ளிவாசல் கடிதம். அதற்கு ஹாஜியாரே சம்மதிக்கவில்லை, கீரைத் தண்ணியை மூமின், அல்லாஹ்வை நம்புகிற ஆள், என்று பொய் சொல்லத் தன்னால் ஏலாது என்றார். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியருக்கு ஒன்றும் வேண்டியதில்லை. ஆள்தொகை குறைவு, சுற்றறிக்கை எழுதினவர்கள் அவர்களை மறந்துவிட்டார்கள். பெரடொக்சின் பறங்கியானார்.

பேர்ணடெற் பிறந்தது கொட்டாஞ்சேனையில். அவளுடைய அப்பா இந்த நாட்டுக்கு வந்த அரிசியையும் மாவையும் முப்பது வருஷம் கப்பலிலிருந்து இறக்கியவர். தமிழர் என்பதால் அவர்களுக்கு மூன்று மாதத் துண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று தாங்கள் தாங்கள்தான் என்று நிரூபிக்க வேண்டும். நேற்றுப் பிறிட்ஜுக்குள் வந்து குந்திய கீரைத் தண்ணி நிரந்தர வதிவாளர். ஆனால் போத்தல் திறபடாமல் தப்பியது. திங்கட்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கொண்டிரு என்று தனக்குத் தானே சொன்னாள். அவளுக்கு அது பழக்கமான காரியமில்லை.

பொலிஸ் நிலையத்துப் பெரிய ஐயா ஒரு நாளைக்கு இருநூறு துண்டு கையெழுத்து வைக்கிறவர், வாசிக்கிறவரில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்திரை குத்திய துண்டை பலீலா கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். பூசை முடிந்து வந்த அம்மா செலீன் அதை வாங்கி இரண்டு தரம் வாசித்தா. அப்பா வீட்டின் மூன்று மாதத் துண்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பறங்கியாள், நிரந்தரத் துண்டு, போக்குவரத்தில் வேலை," என்றா செலீன். "அவுஸ்திரேலியாவுக்கு விசாவும் லேசாக் கிடைக்கும். ஆளுக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டுதோ பிள்ளை?"

கூட்டாளி ஒன்று இருக்கிறது, ஆனால் தொட்ட உடனே விட்டுவிடும் என்றாள் பேர்ணடெற். அப்பிடியான ஆம்பிளையள் கொட்டாஞ்சேனையிலேயே நிறையக் கிடக்கு என்றுவிட்டு அம்மா சோறு வடிக்கப் போனா.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கு பேர்ணடெற் வெள்ளவத்தையில் நின்றாள். வீட்டில் ஹமீமா உம்மா மட்டும்தான். ஹாஜியார் புதிய குளிர்ப்பெட்டியொன்றை விடுவிக்க வெள்ளெனவே ஒருகொடவத்தைக்குப் போய்விட்டார். பலீலா கல்கிசையில் வேலைக்குப் போய்விட்டாள். உம்மா தெஹிவளையில் ஒரு மையத்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போக வெளிக்கிட்டபடியே போத்தலை எடுத்துக் கொடுத்து, துண்டையும் மறக்காமல் கையில் வைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு போனா. பேர்ணடெற் போத்தலை ஐஸ் பிளாஸ்கில் வைத்தாள். துண்டைப் பிளாஸ்கில் றப்பர் பாண்ட் போட்டு மாட்டினாள். பகிடிக்குத்தான்.

காலி வீதியில் காவலரண் மறித்தது. அன்றைக்கு விடியற்காலையில் தண்டவாளத்துப் பக்கம் யாரோ ஒரு பார்சலைக் கண்டிருக்கிறார்கள். பிறகு அது சோற்றுப் பார்சல் என்று தெரிந்தது. ஆனால் தெரியவந்தது உத்தரவு வந்த பிறகு, உத்தரவை எடுப்பதற்கு இன்னும் உத்தரவு வரவில்லை. ஆகவே வேறு பகுதியில் பதிந்த தமிழர் யாராக இருந்தாலும், இந்தப் பகுதியில் பதிந்த ஒருவர் வந்து பிணைக் கையெழுத்து வைக்கும் வரைக்கும் மறித்து வைக்க வேண்டும். பேர்ணடெற்றின் துண்டில் கொட்டாஞ்சேனை என்று இருந்தது. அவளை மண்மூட்டைப் பக்கம் தள்ளி நிறுத்தினார்கள். அங்கே ஏற்கெனவே பதினொரு பேர் நின்றார்கள்.

கான்ஸ்டபிள் பிளாஸ்கை எடுத்தார். அதில் மாட்டியிருந்த துண்டை வாசித்தார். வெள்ளவத்தை, நிரந்தரம், பறங்கி, பெரிய ஐயாவின் கையெழுத்து. பிளாஸ்கைத் திறந்து பார்த்தார். போத்தலைப் பார்த்தார். மறுபடியும் துண்டைப் பார்த்தார். கேள்வி கேட்பது அவருடைய சம்பளத்துக்குள் வருகிற வேலையில்லை.

"இவர் போகலாம்," என்றார்.

இவர் தனியாக எப்படிப் போவார் என்று கேட்டாள் பேர்ணடெற். அது தங்களுடைய பிரச்சினை இல்லை என்றார் கான்ஸ்டபிள். ஆனால் பண்பானவர். போகவும் முடியாமல் நிற்கிற நிரந்தர வதிவாளரை வெயிலில் விடக் கூடாது என்று, பிளாஸ்கை உள்ளே கொண்டுபோய் மேசையில், நிழலில் வைத்தார். ஐஸ் உருகுவதைக் கண்டு எதிரே சர்பத் கடையில் சொல்லிப் புதிய ஐஸும் எடுப்பித்தார். பேர்ணடெற் வெயிலில் நின்றாள். ஒன்பது மணியாயிற்று. ஒன்பதரையாயிற்று. பத்து. மெஷின் நேரம் தொடங்கிவிட்டது. அவளுக்குத் தாகம், சர்பத் கடை ஐஸ் அவளுக்கு முன்னாலேயே போத்தலைச் சுற்றி மினுங்கிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குப் பெரடொக்சினில் வெறுப்பு வந்தது.

பத்தேகாலுக்கு சார்ஜன்ட் அபேரத்ன ஜீப்பில் வந்து இறங்கினார். பேர்ணடெற் அவரைக் கண்டதும் மண்மூட்டையைத் தாண்டி வந்தாள். சனிக்கிழமை செய்த பைத்தியக்காரத்தனத்தை இவர்களுக்குச் சொல்லுங்கள், அது ஆளில்லை, சாமான், என்னையும் அதையும் விடுங்கள், பன்னிரண்டுக்குக் கரண்ட் போய்விடும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். சார்ஜன்டின் முகம் வெளுத்தது. அவளை ஒரு பக்கமாகக் கூட்டிப் போனார்.

"நங்கி, அது ஆளில்லை எண்டால் நான் பொய்ப் பதிவு எழுதியிருக்கிறன். பெரிய ஐயா அதுக்குக் கையெழுத்து வைச்சிருக்கிறார். இந்த முறை மன்னாரில்லை. அதுக்கும் அங்கால."

அவருக்கு இரண்டு பிள்ளைகளாம். மூத்தது சோதனை எழுதுகிறதாம். ஆகவே அது ஆள்தான், மாற்ற ஏலாது, என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். ஹாஜியார் வீட்டிலிருந்து யாராவது வந்து கையெழுத்து வைத்தால் அவளை உடனே விடலாம். படிவத்தில் நாலு பேர் இருக்கிறார்களே, ஒருவர்கூட இல்லையா?

பேர்ணடெற் மணியைப் பார்த்தாள். ஒருகொடவத்தையில் ஒருவர், கல்கிசையில் ஒருவர், மையத்து வீட்டில் ஒருவர். அவளுக்கு வந்த கோபத்துக்குள்ளேயே வழி தெரிந்தது.

"நாலாவது ஆள் உங்கட மேசையில ஐசுக்குள்ள இருக்கிறார்," என்றாள். "ஆளெண்டுதானே சொல்றீங்கள்? இந்தப் பகுதியில் பதிஞ்ச ஆள். நிரந்தரம். அவரே எனக்குப் பிணை நிக்கட்டும்."

சார்ஜன்ட் உள்ளே போய்ப் பிணைப் படிவத்தை எடுத்து முழுவதையும் வாசித்தார். பிணை நிற்பவர் இந்தப் பகுதியில் பதிந்தவராக இருக்க வேண்டும்: ஓம். பொலிஸ் விசாரணையில் இருப்பவராக இருக்கக் கூடாது: இல்லை. தமிழராக இருந்தால் இரண்டு பேர் வேண்டும்: பறங்கி, ஆகவே ஒருவர் போதும். எழுதத் தெரியாதவராக இருந்தால் இடது பெருவிரல் அடையாளம். அந்த இடத்தில் நின்றார்.

"கை இல்லையே நங்கி."

"நாலு கை இருக்கு. சனிக்கிழமை காட்டினனே."

சார்ஜன்டுக்கு ஞாபகம் வந்தது. பலீலாவின் கையும் சேர்ந்து நாலு. தலையை ஆட்டினார்.

பேர்ணடெற்றின் பையிலிருந்து ஊசியை ஏற்கெனவே பறித்து வைத்திருந்தார்கள். பெண் கான்ஸ்டபிள் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றா. மறித்து வைத்திருந்த பதினொரு பேரும் எட்டிப் பார்த்தார்கள். பேர்ணடெற் றப்பரைக் குத்திப் பத்து மைக்ரோலீற்றர் எடுத்து, பெருவிரல் கட்டத்தின் நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். பத்து போனால் போகட்டும், இரண்டு அளவில் ஐந்து ஐந்தாகக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். இது நுளம்பு நசித்த அடையாளம் என்றார். கட்டம் நிரம்ப வேண்டும், அரைகுறை அடையாளத்தைப் பெரிய ஐயா திருப்பி அனுப்புவார். கட்டம் பெரியது. ஏதோ இராட்சதனின் பெருவிரலுக்கு அளந்து அச்சடித்த மாதிரி. அதை நிரப்ப இன்னும் தொண்ணூறு வேண்டும். மொத்தம் நூறு. மூன்றாவது அளவு.

ஊசி றப்பருக்குள் நின்றது. விட்டால் மூன்று அளவும் போத்தலில் இருக்கும், அவள் மண்மூட்டையில் இருப்பாள், பன்னிரண்டு மணி போய்விடும், கரண்ட் போய்விடும், ஐஸ் உருகும். கொடுத்தால் இரண்டு அளவு. பேராசிரியரின் மதத்தில் இரண்டு என்றால் சூனியம். இரண்டு கிலோக் கீரைக்கு மேலே அந்தக் கட்டத்துக்குள் போகப் போகிறது என்று நினைத்தாள். எட்டு மாதத்தில் மூன்றிலொரு பங்கு. பிளெண்டரின் மூடியை ஒரு கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள்.

உறிஞ்சினாள். கட்டத்தின் மூலைக்கு மூலை நிரப்பினாள். கடுதாசி சிவந்த கபிலமாக நனைந்தது. சார்ஜன்ட் குனிந்து ஊதிக் காயவைத்தார். அது வெடிக்கவில்லை என்று கண்டதும் பெண் கான்ஸ்டபிள் கிட்ட வந்தா. மறித்து வைத்திருந்தவர்களில் ஒருவர், பக்கத்தில் நின்ற கிழவியைக் காட்டி, அந்த அம்மாவையும் இதே பிணையில் கையோடு விடலாமா என்று கேட்டார். ஒருவருக்கு ஒரு பிணை என்றார் சார்ஜன்ட்.

பதினொன்று ஐந்துக்கு அவளை விட்டார்கள். ஓட்டோக்காரருக்கு அவள் சொன்ன வார்த்தைகளைக் கொட்டாஞ்சேனை கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில்தான் திருப்பிச் சொல்லலாம். பதினொன்று இருபத்தைந்துக்கு மெஷினுக்கு முன்னால் இருந்தாள்.  முதலாவது கோடு பதினொன்று நாற்பதுக்கு முடிந்தது. இரண்டாவது கோடு பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு. பன்னிரண்டுக்கு மெஷினும் லைற்றும் விசிறியும் ஒன்றாகச் செத்தன.

அவள் இரண்டு கடுதாசியையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். இரண்டு கோடும் மயிரளவு விலகாமல் ஒன்றாக ஓடின. பெரடொக்சினின் உடம்பில் ஒரு பக்கம் முழுக்க எதிர் ஏற்றம். கூட்டாளிக்கு அதே இடத்தில் நேர் ஏற்றம். அந்த இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும், சரியான இடத்தில் சரியாக வந்து பொருந்தும், எலெக்ரோன் கைமாறும். அதோடு பிடி விடும். இறுக்கி ஒட்டிக்கொண்டால் வேலை நடக்காது. உப்பைக் கொஞ்சம் கூட்டினால் ஒன்றையொன்று காணவே காணாது. எட்டு மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தது சரி. அதை இப்போது இரண்டு கோடு சொன்னது. மூன்றாவது கோடு காவலரணில் ஒரு கோப்புக்குள் காய்ந்துகொண்டிருந்தது.

பேராசிரியர் அட்டவணையைப் பார்த்தார். மூன்றாவது நிரலில் ஏன் எண் இல்லாமல் வெறுங் கோடு இழுத்திருக்கிறது என்று கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'மாதிரி தொலைந்துவிட்டது' என்று எழுதும்படி சொன்னார்.

"தொலையேல்லை சேர். பொலிசில இருக்கு."

அடிக்குறிப்பில் அவள் எழுதியது இதுதான்: மூன்றாவது மாதிரி, ஆய்வாளரைக் காவலரணிலிருந்து விடுவிப்பதற்கான பிணைப் படிவத்தில் பயன்படுத்தப்பட்டது. பேராசிரியர் வெட்டினார். அவள் திரும்பவும் எழுதினாள். மூன்று தரம் அப்படி நடந்தது. மூன்றாம் தரத்துக்குப் பிறகு அவர் விட்டுவிட்டார்; மூன்று தரம் நடந்தது உண்மை என்பதுதானே அவருடைய மதம். ஆய்வேட்டை வெள்ளிக்கிழமை கொடுக்கலாம், வேலையும் தொடரலாம், ஆனால் வாய்மொழிச் சோதனைக்கு முன்னால் மூன்றாவது அளவு வந்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டார்.

புதன்கிழமை பின்னேரம் சார்ஜன்ட் அபேரத்ன ஆய்வுகூட வாசலுக்கு வந்தார். சீருடையில், கையில் கோப்போடு. படிவத்தை விரித்துக் காட்டினார். பெருவிரல் கட்டம் கிட்டத்தட்ட வெள்ளை. ஓரத்தில் மட்டும் தேத்தண்ணி சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு மங்கல். பிணையாளியின் அடையாளம் அழிந்துவிட்டது என்றார் கவலையோடு. அவர் ஒருக்கால் வந்து திரும்ப வைத்தால் நல்லது.

வரமாட்டார், முடிந்துவிட்டார் என்றாள் பேர்ணடெற். எப்போது என்று கேட்டார். திங்கட்கிழமை, பதினொன்று ஐம்பத்தெட்டு. சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றினார். உண்மையாகவே கழற்றினார். பிறகு, படிவத்திலிருந்து பெயரை வெட்டுவதற்கு அத்தாட்சி ஏதாவது வேண்டும் என்று கேட்டார். அவள் இரண்டாவது கோட்டின் போட்டோக் கொப்பியை எடுத்துக் கொடுத்தாள். உயர்ந்து போய், வளைந்து, தட்டையாக ஓடி முடிகிற கோடு. ஆஸ்பத்திரியில் இப்படியொன்றைப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிச் சார்ஜன்ட் அதைக் கோப்பில் வைத்தார். மரணத்தின் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது.

"வேலை செய்துகொண்டிருக்கேக்க," என்றாள்.

அவர் 'கடமையின்போது' என்று எழுதினார்.

ஹாஜியார் வீட்டில் அந்த நிரந்தர இடம் இப்போது காலிதானே, அதில் என்னைப் போடுங்களேன் என்று பேர்ணடெற் கேட்டாள். பகிடிக்கில்லை, சும்மாவும் இல்லை. சார்ஜன்ட் உண்மையாகவே யோசித்தார். கோப்பைப் புரட்டி, சுற்றறிக்கையை எடுத்து, விரலால் வரி வரியாகத் தடவிப் பார்த்தார்.

"ஏலாது நங்கி. அது பறங்கி இடம்," என்றார் கடைசியில். "உன்ர துண்டு டிசம்பரில முடியுது. வெள்ளெனப் போய் வரிசையில நில்."

அவர் படியிறங்கிப் போகும்போது கரண்ட் வந்தது. விசிறி சுற்றத் தொடங்கியது. பேர்ணடெற் உள்ளே போய், காலையில் வாங்கி வைத்திருந்த கீரைக் கட்டை அவிழ்த்து, பிளெண்டரில் திணித்து, உடைந்த மூடியை உள்ளங்கையால் அமத்திக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.